சுபேதார் வீட்டுச் சிவப்புச் சீலை

சேலத்தில் நான் தங்கிப் படிக்கும் விடுதிக்குச் சேதி கொண்டுவந்தவர் என் தாய்மாமன். வந்தவர் சேதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார். ராசிபுரத்தில் கரியில் ஓடும் பஸ் மூச்சு வாங்கி நின்றதைச் சொன்னார். செவலைப் பசு கன்று போட்டதைச் சொன்னார். மழையைக் காணோம் என்றார். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டேன்:

"மாமா, அப்பா செத்துட்டாருங்களா?"

அவர் தோள்துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

சுபேதார் நாச்சிமுத்துவை அறிந்தவர்களுக்கு இதிலிருக்கும் வேடிக்கை புரியும். சாவுச் சேதியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் இந்த ஜில்லாவிலேயே அவரைப்போலக் கண்டிப்பானவர் கிடையாது. அவருடைய சொந்த மைத்துனரே அந்தப் பரீட்சையில் முட்டை வாங்கினார். அப்பா இருந்திருந்தால் மாமாவைத் திரும்ப பஸ் ஏற்றி, மறுபடி வந்து ஒழுங்காகச் சொல்ல வைத்திருப்பார்.

அப்பா சிப்பாயாகச் சேர்ந்து, போன யுத்தத்தில் பஸ்ரா வரைக்கும் போய், சுபேதாராகப் பென்ஷன் வாங்கினவர். அதை நீங்கள் அறிவீர்கள். வீட்டில் எனக்கும் தங்கைக்கும் காலையில் தலை பின்னிவிட்டவர் அவர்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அது பரேடு ஜடை. பின்னி முடித்தால் கண்ணை முழுசாக மூட முடியாது, அத்தனை இறுக்கம். பெரியப்பா ஒருநாள் வாசலில் நின்று, ஊர் கேட்கட்டும் என்றே, "ஏன்டா தம்பி, உம்பொண்டாட்டிக்குக் கையில்லையா?" என்றார். அப்பா சீப்பைக் கீழே வைக்கவில்லை. "இருக்குதுங்கண்ணா. அது களி கிண்டிட்டிருக்குது. நாஞ் சும்மாதானுங்க இருக்கறன்" என்றார்.

களி என்றதும் நினைவு வருகிறது. உள்ளூர்ப் பள்ளியில் படித்த காலத்தில் அவருடைய பூட்ஸுக்குள் ஆறின களியை நிரப்பி வைத்தேன். அவர் காலை விட்டார், கயிற்றைக் கட்டினார், சந்தைக்கு நடந்து போய்த் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு மயிர் அசையவில்லை. மறுநாள் மத்தியானம் பள்ளியில் என் சோற்றுத் தூக்குப் போசியைத் திறந்தேன். களி உருண்டைமேல் பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது அந்தப் பூட்ஸ் கயிறு. அதைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் சமாதானம் என்று சொல்ல மாட்டேன். மரியாதை வந்தது.

இந்த யுத்தத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் பட்டாளம் போனார்கள். தந்தி வந்தால் தபால்காரர் அந்த வீட்டுக்கு நேராகப் போகமாட்டார், எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். அப்பா பூட்ஸ் போட்டு, மெடல் குத்திக்கொண்டு அவரோடு கிளம்புவார். சேதி சொல்கிறவன் உட்காரக்கூடாது, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது, எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். "சுத்தி வளைச்சுப் பேசுனா நம்ம நெஞ்சுக்கு நல்லது. கேக்கறவங்க நெஞ்சுக்கு அது வாதை" என்பார்.

ஒரு தடவை அப்படிப் போன வீட்டில், சேதி கேட்டவள் கிட்டத்தட்ட என் வயசுப் பெண். அவள் அழ ஆரம்பிக்கும் முன்பே நாலு பெண்கள் வந்து அவள் வளையலில் கை வைத்துவிட்டார்கள். அப்பா அவர்களை விலக்கி, அவளை உள்ளே போகவிட்டு, அறைவாசலை மறித்து அட்டென்ஷனில் நின்றார். அந்தப் புள்ளை அழுது முடிக்கட்டும், அதுவரைக்கும் யாரும் உள்ளே போகக்கூடாது என்றார். பொழுது இறங்கும்வரை நின்றார். அவர் ஊர் திரும்பினபிறகு அவர்கள் வேலையை முடித்து, அவளுக்கு வெள்ளை கட்டிவிட்டார்கள்.

அது தெரிந்த அன்று அவர் சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் கை வைக்காமல் இருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கும் ஒரு நாள் வரும். அன்னிக்கு நீ நெறம் மாறப்படாது."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நெறம் மாறறதுக்கு நானென்ன பச்சோந்திங்களா? சாப்புடுங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டார். ஆனால் அது சிரிக்கச் சொன்ன பேச்சல்ல என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நாள் வந்தது. எங்கள் வழக்கப்படி, கருமாதியன்று பொட்டும் வளையலும் எடுத்து, பிறந்த வீட்டார் கொண்டுவரும் புது வெள்ளைச் சீலையை, கோடியை, கட்டிவிடுவார்கள். பிறகு ஆயுசுக்கும் வேறு நிறம் கிடையாது. அப்பாவின் பேச்சை நான் பெரியப்பாவிடம் எடுத்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார்: "அவன் பட்டாளத்தான், ஊர் ஊராத் திரிஞ்சவன், என்ன வேணா சொல்லுவான். நீ இந்த ஊர்ல இருக்கோணும். நாளைக்கு இந்தப் புள்ளைகளுக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் விட்டுக்கொடுத்தால் எங்களுக்காகத்தான் விட்டுக்கொடுப்பாள் என்று அப்போது புரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கருமாதியன்று விடிகாலையில் மாமா கொண்டுவந்த கோடி மூட்டையை மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப்போனேன். மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பைச் சேர்த்தால் என்ன நிறம் வரும் என்று ஆரத்தி சுற்றுகிற வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஒரு அண்டா நிறைய ஆரத்தி கரைத்தேன். சுபேதாருக்கு யாரும் கடைசியாக ஆரத்தி எடுக்கவில்லையே, போகட்டும் என்று சீலையை உள்ளே அமுக்கினேன். வைக்கோற்போருக்குப் பின்னால் வெயிலில் அது காய்ந்துகொண்டிருந்தபோது மாமா அந்தப் பக்கம் வந்தார். சீலையைப் பார்த்தார். சிவந்துகிடந்த என் கைகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

சடங்கில், எல்லாரும் சுற்றி நிற்க, மூட்டை பிரிந்தது. செக்கச்செவேல் என்று சீலை விழுந்ததும் ஒப்பாரி பாதியில் நின்றது. பெரியப்பா என் கையைப் பார்த்துவிட்டு, "இது பரிகாசம் பண்ற எடமா? கடைக்கு ஆளனுப்பி வேற கோடி வாங்கியாரச் சொல்லுங்க" என்றார்.

அப்போதுதான் மாமா எழுந்து நின்றார். செவலைப் பசு, மழை, பஸ் எதுவுமில்லை.

"வேற கோடி கிடையாதுங்க. பொறந்த ஊட்டுக் கோடி இதுதானுங்க."

வழக்கத்தை வைத்து எங்களை மடக்க வந்தவர்கள் அந்த வழக்கத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். பிறந்த வீட்டார் கொடுக்காத கோடியைக் கட்டக்கூடாது. மாமாவோ அந்த வீட்டுக்கு ஒரே மகன். பெரியப்பா அவரை முறைத்தார். மாமாவின் கை தோள்துண்டு வரைக்கும் போய்த் திரும்பியது. ஆனாலும் உட்காரவில்லை.

அம்மா குனிந்து சீலையை எடுத்தாள். வளையல் குலுங்கியது. தங்கையையும் என்னையும் ஒருமுறை பார்த்தாள்.

"நெறம் மாறமாட்டன்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டனுங்க" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, கட்டிக்கொள்ள உள்ளே போனாள்.

பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். மிச்சமான பாயசத்தை நானும் தங்கையும் கவனித்துக்கொண்டோம். எங்களைப் பெண் கேட்டு இனி யாரும் வரமாட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். சிவப்புச் சீலையைப் பார்த்து மிரள்கிறவர்கள் எங்கள் கொட்டகையிலேயே இருக்கிறார்கள், புதிதாக மாப்பிள்ளை வேறு வேண்டாம்.

அப்பாவின் மெடல்களைத் தங்கை வைத்துக்கொண்டாள். பூட்ஸ் மாமாவுக்குப் போனது, அவருக்கு அது தகும். நான் வைத்துக்கொண்டது அப்பாவின் சட்டத்தை. தூரத்திலிருக்கும் அவருடைய பட்டாளத்துக்காரர்களான உங்களுக்கு இந்தச் சேதியை எழுதும்போது முதல் வரியில் மாமாவைப்போலச் சுற்றி வளைத்துவிட்டேன். ஆகையால் எழுந்து நின்று மறுபடி சொல்கிறேன்: சுபேதார் இறந்துவிட்டார். அவர் சொன்னபடியே அவர் மனைவி நிறம் மாறவில்லை.

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சாயம் நிற்காது, இரண்டு வெளுப்பில் போய்விடும் என்று பெரியம்மா எங்கள் வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். போகட்டும். எங்கள் காட்டில் விளைவதே மஞ்சள்தான்.