மேலே நின்ற புள்ளி

எனக்குச் சுரக்குறிப்பைப் படிக்கக் கற்றுத்தந்தவர் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் பாடுவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லியும் விட்டார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டில் பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியையாக இருந்தேன். காலை வணக்கத்தில் நான் பாடுவதைச் சில மாதங்கள் கேட்ட தலைமையாசிரியை ஒருநாள் அறைக்கு அழைத்தார். "பாட்டு டீச்சர் கல்யாணமாகிப் போயிட்டாங்க. லோயர் கிரேடு மியூசிக் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிட்டீங்கன்னா அந்த இடம் உங்களுக்குத்தான். இல்லன்னா வர்ற ஜூன்ல தமிழுக்கும் வேற ஆள் வந்துடுறாங்க. அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார்.

ஜூனில் வேலை இல்லையென்றால் மீன்சுருட்டிக்குத் திரும்ப வேண்டும். வேலைக்கென்று வெளியூரில் தங்க எனக்கு ஓர் ஆண்டுதான் அனுமதி. அதை வாங்கவே வீட்டில் மூன்று மாதம் பேச வேண்டியிருந்தது. இரண்டாவது முறை கேட்டால் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

பாட எனக்குத் தெரியும். காதால் கேட்டதை அப்படியே திருப்பிப் பாடிவிடுவேன். ஆனால் சுரம் என்று தனியாக எதையும் கற்றதில்லை. தேர்விலோ எழுத்துத்தாள் ஒன்று உண்டு. அதன்பின் ஒரு தாளில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பாடிக்காட்டவும் வேண்டும். திருச்சியில் பழைய புத்தகக் கடையொன்றில் இசைப் பாடநூல் ஒன்று கிடைத்தது. முதல் சில பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. பின்னால் பாடம் முழுதாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கினேன். அடையாளங்களுக்கு விளக்கம் சொல்லும் அட்டவணை அந்தக் கிழிந்த பக்கங்களில்தான் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒற்றை அறை. மாடியில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக வந்து குடியிருந்த ஒரு பெண். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கணவர் வளைகுடாவில். ஆறும் நாலும் வயதில் இரண்டு பெண் குழந்தைகள். படியில் எதிர்ப்பட்டால் சிரிப்போம், அவ்வளவுதான்.

பள்ளி விட்டு வந்ததும் தாளம் போட்டு, முதல் பாடமான சரளி வரிசையைச் சொல்லிப் பார்ப்பேன். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல், பிறகு தட்டி வீசுதல் இரண்டு முறை. சுரங்களும் எட்டுத்தான். ஆனால் எனக்கு ஒருநாளும் அவை எட்டில் முடிந்ததில்லை. கடைசி வீச்சுக்குக் கை போகுமுன்பே வாய் முடிந்துவிடும். விரல்மேல்தான் பிழை என்று நினைத்து மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மாடியில் குடியிருந்த அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். ரெண்டும் அடங்க மாட்டேங்குதுங்க. இனிமே ஓடாம பாத்துக்கிறேன்."

எனக்கு விளங்கவில்லை. "எதுக்குங்க?"

"நீங்கதான் தெனம் சாயங்காலம் அதட்டுறீங்களே. பாடிக்கிட்டே வந்து, கடைசியில மேல பாத்து 'ஸ்'ஸுன்னு. கேட்டதும் என் சின்னது வாயப் பொத்திக்கிட்டு மூலையில உக்காந்துடுதுங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். 'ஸ ரி க ம ப த நி ஸ்' என்று அச்சாகியிருந்தது. "நான் யாரையும் அதட்டலீங்க. இங்க அப்படித்தான் போட்டிருக்கு."

தமிழ் படித்தவளுக்குப் புள்ளி வைத்த எழுத்து மெய். மெய்க்கு அரை மாத்திரை. குழந்தைப் பருவத்திலேயே மனத்தில் பதிந்த இலக்கணம் அது. ஆகவே ஏழு சுரங்களைப் பாடி, எட்டாவதை அரை மாத்திரையில் 'ஸ்' என்று நறுக்கி முடித்துக்கொண்டிருந்தேன். ஏழரையில் முடிந்த பாட்டு எட்டு எண்ணிக்கைத் தாளத்தோடு எப்படிச் சேரும்? அடுத்த வரி அதே 'ஸ்'ஸில் தொடங்கி இறங்கியது. மெய் மொழிக்கு முதலில் வராது என்று நாள்தோறும் வகுப்பில் சொல்கிறவள் அங்காவது விழித்திருக்க வேண்டும். வடவெழுத்துக்கு நம் விதி செல்லாதாக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். படிப்பு சில நேரம் கண்ணையே கட்டிவிடுகிறது.

அவர் புத்தகத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தமிழ் எனக்கு எட்டாவது வரைக்கும்தான். ஆனா அரபில புள்ளி வச்ச எழுத்து சின்ன வயசுலேர்ந்து ஓதியிருக்கேன்" என்றார். பிறகு என் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஒரு சிறு கிண்ணம்போல் வளைத்துக் கோடு போட்டார். அதன் கீழே ஒரு புள்ளி. "இது 'பா'. இதே புள்ளியத் தூக்கி மேல வச்சா 'நூன்'. புள்ளி எங்க நிக்குதோ அதை வச்சுத்தான் எழுத்து. இதுல மொதல்ல இருக்கிற ஸவும் கடைசியில இருக்கிற ஸவும் ஒண்ணா?"

"இல்லியே... ஏறிக்கிட்டே போகுது."

"அப்ப மேல இருக்கிற ஸவுக்கு மேல புள்ளி. சரியா?"

"அப்படின்னா இது?" பின்பக்கத்தில் ஒரு 'நி'யின் கீழே புள்ளி இருந்தது. அச்சு மை சிந்தியது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த புள்ளி.

"ஏன் டீச்சர், அழுக்கு விழுந்தா சரியா எழுத்துக்குக் கீழயே பாத்து விழுமா? அது கீழ எறங்குற நி."

நான் மெதுவாகப் பாடினேன். நியைத் தாண்டிக் குரல் தானாக மேலேறி, தொடங்கிய அதே ஸவின்மேல் இன்னொரு மாடியில் போய் நின்றது. 'ஸா' என்று நீட்டினேன். கடைசி வீச்சும் குரலும் ஒன்றாக முடிந்தன. எட்டு. மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்ற சொற்களை முன்பே மனப்பாடம் செய்திருந்தேன். அவற்றின் பொருள் அன்று மாலைதான் என் தொண்டையில் தெரிந்தது.

அவர் படியேறுமுன் நின்று, சிரிக்காமல் சொன்னார்: "ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். நாங்க ஓதுறது பாட்டு இல்ல. அதையும் இதையும் ஒண்ணாக்கிடாதீங்க. நான் பாடவும் மாட்டேன். அடையாளத்த மட்டும் பாத்துச் சொல்றேன், சரியா?"

"சரிங்க ராத்தா" என்றேன். ஊரிலிருந்து வந்துபோகும் அவருடைய தங்கையர் அவரை அப்படி அழைப்பதைக் கேட்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்கும் அவர் ராத்தா.

அடுத்த இரண்டு மாதங்களும் மாலைவேளைகளில், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் பாயின் ஓரத்தில் நானும் ஒரு பிள்ளையாக உட்கார்ந்தேன். கிழிந்துபோன அட்டவணையை நாங்களே ஒரு நோட்டில் மீண்டும் எழுதினோம். எழுத்தின்மேல் கோடு வந்தால் அந்த இடம் இரட்டை வேகத்தில் போகும் என்பதை நான் கண்டுபிடித்தேன். ஒற்றைக் கோடு தாளத்தின் ஓர் அங்கம் முடிவதையும், இரட்டைக் கோடு தாளமே முடிந்துபோவதையும் குறிப்பதை அவர் எண்ணிச் சொன்னார்.

கால்புள்ளியில்தான் இருவரும் தடுக்கி விழுந்தோம். சுரங்களுக்கு நடுவே கால்புள்ளியும் அரைப்புள்ளியும் நிறைய வந்தன. கால்புள்ளி கண்டால் சற்று நிறுத்து என்று கற்பித்துப் பழகியவள் நான். ஓதும்போது நிறுத்துவதற்கு அடையாளம் உண்டு என்று அறிந்தவர் அவர். இருவரும் சேர்ந்து நிறுத்தினோம். பாட்டு விக்கலெடுத்தவன் பேசுவதுபோல் வந்தது. பெரிய பெண் வீட்டுப்பாடத்திலிருந்து தலை தூக்கி, "டீச்சர், தண்ணி குடிங்க" என்றாள்.

அதைத் தீர்த்தது வானொலி. வாரம் ஒருமுறை காலையில் இசைப்பாடம் வரும். அந்த நேரம் நான் பள்ளியில் இருப்பேன். ராத்தாவிடம் அவர் கணவர் அனுப்பிய வானொலிப் பெட்டி இருந்தது. கேசட்டில் பதிவும் செய்யும். அந்த வீட்டில் அதில் பாட்டுப் போடுவதில்லை. கணவர் கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார். இவரும் அதே கேசட்டில் பேசித் திருப்பி அனுப்புவார். அப்படி வந்த ஒரு கேசட்டின் மிச்ச இடத்தில் எனக்காக இசைப்பாடத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார்.

ஆகவே என் முதல் இசைப்பாடம் இப்படித்தான் தொடங்கும்: "...சரி, நேரமாவுது. புள்ளைங்கள பாத்துக்க. வச்சிடுறேன்" என்று ஒருவர் கரகரத்த குரலில் விடைபெறுவார். ஒரு சிறு சொடுக்கு. பிறகு சுருதிப் பெட்டி ஒலிக்கும். அந்த முதல் பகுதி நான் கேட்கத்தக்கதன்று என்று கேசட்டை முன்னால் ஓட்டப் பார்ப்பேன். ராத்தா பொருட்படுத்தவில்லை. "அவரு என்ன, சோறு தின்னியான்னுதான் கேப்பாரு. கேளுங்க" என்றார்.

பாடத்தில் குரல் எங்குமே நிற்கவில்லை. கால்புள்ளி வந்த இடத்தில் முந்திய சுரமே ஓர் எண்ணிக்கை நீண்டது, அரைப்புள்ளியில் இரண்டு. ராத்தா விரலை மடக்கி எண்ணி, "அட, நிறுத்துறதுக்கு இல்ல, நீட்டுறதுக்கு! எங்களுக்கும் நீட்ட வேற அடையாளம் இருக்கே. இதுக்குப் போய் ரெண்டு வாரம் வீணாக்கிட்டோமே" என்று தலையில் தட்டிக்கொண்டார். பாடத்தின் முடிவில் இன்னும் சிறிது இடம் இருந்தது. என் குரலை நானே கேட்டுத் திருத்திக்கொள்ள அங்கே சரளி வரிசையைத் தாளத்தோடு பதிவு செய்துகொண்டேன்.

திருச்சியில் எழுத்துத்தாள் நன்றாகவே அமைந்தது. மறுநாள் பாடிக்காட்டும் தேர்வில் தேர்வாளர் கையால் எழுதிய ஒரு வரியை என் முன் வைத்தார். மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் கால்புள்ளியும் நெருக்கமாக விழுந்திருந்தன. புள்ளி எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்தேன். பென்சில் பிடித்த ஒரு கை எனக்கு முன்னால் நகர்ந்து போனதுபோல் இருந்தது. பாடி முடித்தபோது வீச்சும் குரலும் ஒன்றாக முடிந்தன.

"யார்கிட்ட சிட்சை?" என்று கேட்டார் தேர்வாளர்.

"மாடி வீட்டு அக்காகிட்டங்க."

"அவங்க பாடகியா, வீணையா?"

"ரெண்டும் இல்லீங்க. அவங்க பாட மாட்டாங்க."

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

முடிவு வந்த அன்று தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ராத்தா அதை இரண்டு முறை படித்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி என் கையில் ஒரு பிடி சர்க்கரையைக் கொட்டினார். வேலை நிலைத்தது; அதனால் வீட்டிலும் தடுக்கவில்லை. மீன்சுருட்டிக்கு நான் விடுமுறைக்கு மட்டும் போகும்படி ஆயிற்று. கேசட்டை நன்றியோடு திருப்பிக் கொடுத்தேன். அதில் அவர் கணவருக்கு இந்தச் செய்தியையும் பேசி அனுப்பினார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் கேசட் வந்தது. ராத்தா மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரலில் பதற்றம் இருந்தது. கணவரிடம் பாட்டு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தயங்கி, டீச்சர் பரீட்சை எழுதி வென்றார் என்று மட்டும் பேசியிருக்கிறார். ஆனால் ராத்தாவின் பேச்சு கேசட்டின் முன்பாதியிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த இசைப்பாடத்தையும் என் சரளி வரிசையையும் அழிக்காமல் அனுப்பியது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது.

பொத்தானை அழுத்தினார். கரகரத்த குரல் நலம் விசாரித்தது. பிறகு சொன்னது: "டீச்சர் பாஸானது ரொம்ப சந்தோசம். நீ பேசி முடிச்சு, ரேடியோ பாடமும் முடிஞ்சதுக்கப்புறம் ஒரு பொம்பளப் புள்ள ஸரிகம சொல்லுதே, அது அவங்கதானா? என்னமோ அழிக்காம அனுப்பிட்ட. பரவால்ல. எங்க ரூம்ல எட்டுப் பேரு. அவங்க எட்டு எண்ணும்போது இவனுவளும் தொடையில தட்டி எண்ணுறானுவ. வேலைக்குப் போயிட்டு வந்து அதைப் போடுடாங்கிறானுவ. அடுத்த கேசட்ல டீச்சர கொஞ்சம் கூடப் பாடச் சொல்லு."

ராத்தா முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பெட்டியை என் பக்கம் நகர்த்தி, பதிவுப் பொத்தானில் விரலை வைத்தார்.

"நான் பாட மாட்டேன். அது வேற" என்றார். "நீங்க பாடுங்க, நான் எண்ணுறேன்."