அவள் நிறம் தீட்டிய வீடுகள்

யுத்த காலத்திலும் கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எழும்பின. நானும் மனைவியும் படவரைஞர்கள். கடற்கரைப் பக்க ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் ஒரு கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு, கட்டடம் கட்டுபவர்களுக்குப் பிளான் கீறிக் கொடுத்தோம். கோடுகளை இருவரும் கீறுவோம். நிறம் தீட்டுவது என் வேலை. அச்செடுத்த தாளில் நீர்வர்ணத்தால் மரத்தரைக்கு மண்ணிறமும் குளியலறைக்கு இளநீலமும் பூசுவேன். பார்ப்பவர்கள் என் கையைப் புகழ்வார்கள். அவளும் புகழ்வாள்.

தொடர்மாடிகளைக் கட்டி விற்று, எங்களுக்கு அதிகம் வேலை தந்த கொந்தராத்துக்காரர் ஒருநாள் என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா கனடாவில இருந்து வாங்கிற ஆக்களுக்கு ஈமெயிலில அனுப்பவேணும். அவை நிறத்தை மாத்தி மாத்திக் கேக்கினம். கொம்பியூட்டரிலயே நிறம் அடிக்க ஏலாதோ?”

நான் வாய் திறக்க முதல், “ஓம், ஏலும்” என்றாள் மனைவி.

பெரிய கட்டடக்கலைஞர்கள் வைத்திருந்த மென்பொருள்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். விலையைக் கேட்டபோது இன்னொரு கொம்பியூட்டரே வாங்கலாம்போல இருந்தது. பம்பலப்பிட்டிக் கடையொன்றில் அதன் பிரதியை மலிவாக வாங்கிவந்து போட்டேன். எங்கள் பழைய இயந்திரம் அதைத் திறக்கவே திணறி, பாதியில் உறைந்து நின்றது. பிறகு வீட்டு அலங்காரத்துக்கென்று விற்ற ஒன்றை வாங்கினேன். அதற்குள் சோபாவும் கட்டிலும் ஆயத்தமாக இருந்தன. ஆனால் நாங்கள் கீறிய பிளானை அது திறக்கவே மறுத்தது.

மனைவி மேசை லாச்சிக்குள் கிடந்த ஒரு சீடியை எடுத்தாள். ஸ்கேனர் வாங்கியபோது இலவசமாக வந்தது, புகைப்படம் திருத்துகிற மென்பொருள்.

“இது முகத்துப் பருவை அழிக்கிற சாமானெல்லே?” என்று சிரித்தேன்.

“சும்மா பாப்பமப்பா. காசில்லைத்தானே.”

அவள் திரையில் விறாந்தைக்கு ஊற்றிய மண்ணிறம், கதவு இடைவெளிகளால் ஓடி, குசினி, குளியலறை, பல்கனி என்று வீடு முழுக்கப் பரவியது. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். “வெள்ளம் வந்திட்டுது” என்றேன். அவள் நிறத்தை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். மறுநாள் பார்த்தேன். படத்துக்கு மேலே கண்ணாடித்தாள்போல இன்னொரு அடுக்கை வைத்து, அதில் ஒவ்வொரு வாசலுக்கும் குறுக்கே மெல்லிய கோடு போட்டு, நிறத்தை ஊற்றிவிட்டு, அந்த அடுக்கை மறைத்திருந்தாள். நிறம் அந்தந்த அறைக்குள் அடங்கி நின்றது. மரத்தரை மட்டும் எங்கோ பார்த்ததுபோல இருந்தது.

“இது என்ர எல்லோ?”

“ஓம். உங்கட மண்ணிறம் மாதிரி ஒண்டும் இதுக்குள்ள இல்லை. அதான் உங்கட படத்தை ஸ்கேன் பண்ணி எடுத்தனான்.”

மெச்சித்தான் சொன்னாள். ஆனால் என் தூரிகை அவள் படத்துக்குத் தரைவிரிப்பாகிப் போனதை என்னால் தாங்க முடியவில்லை. அதன்பிறகு தொலைபேசி எடுப்பவர்களெல்லாம் என்னிடம், “அக்கா நிக்கிறாவோ?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கொட்டாஞ்சேனையில் இருந்த கொந்தராத்துக்காரரின் கந்தோருக்கு அவள் படங்களை அச்செடுத்துக் கொண்டுபோவதும் என் வேலையானது. ஒருமுறை மருதானைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். தமிழன் கையில் கட்டடப் பிளான் இருந்தால் கேள்விக்கு முடிவிராது. கறுப்புக் கோடுகளுக்காக முன்பு வெயிலில் நெடுநேரம் நின்றிருக்கிறேன். இம்முறை இராணுவக்காரன் சுருளை விரித்ததும் அவன் முகம் இளகியது. அறைகளுக்குள் அவள் வைத்திருந்த கட்டிலையும் பூச்சாடியையும் காட்டி, மற்றவனையும் கூப்பிட்டான். யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டான்.

“மகே நோனா” என்றேன். என் மனைவி.

“அப்போ நீ என்ன செய்கிறாய்?”

“கொண்டுபோறன்.”

இருவரும் சிரித்தார்கள். தாள் கசங்காமல் சுருட்டித் தந்து, போகச் சொன்னார்கள். தப்பியதற்கு ஆறுதல்படுவதை விட்டு, கொட்டாஞ்சேனை வரைக்கும் வயிறு எரிந்துகொண்டே போனேன்.

“செக்பொயின்ரில ஏதும் பிரச்சினையோ?” என்றாள், வீடு திரும்பியதும்.

“இல்லை. உம்மட படத்தைப் பாத்து ரசிச்சவங்கள்.”

அவள் முகம் மலர்ந்தது. “என்ன சொன்னவங்கள்? வடிவாச் சொல்லுங்கோ.”

இன்னொரு தரம் சொல்லவேண்டியதாயிற்று. அப்படியே, எனக்கும் அதைப் பழக்கிவிடும்படி கேட்டேன். உடனே கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். கோபமில்லாமல், நான் விட்ட பிழையையே திரும்ப விட்டபோதும், பொறுமையாகக் காட்டித் தந்தாள். அந்தப் பொறுமைகூட என்னைச் சுட்டது.

அடுத்த தொடர்மாடிக்கு முழுக்க முழுக்க நானே நிறம் தீட்டினேன். கொந்தராத்துக்காரர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்கறையோடு கேட்டார்:

“என்ன தம்பி, உம்மட மனிசிக்குச் சுகமில்லையோ?”