யோசப்பின் போட்ட கோட்டு

யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதன் ஒழுங்காக உடுத்துவதென்றால் முதலில் அவன் சாகவேண்டும். உயிரோடிருந்த காலம் முழுக்கச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்கும் கள்ளுக்கும் போய் வந்தவன், செத்த மறுநாள் கோட்டும் கழுத்து ரையுமாகச் சந்தியில் அஞ்சலிப் பனரில் தொங்குவான். பக்கத்தில் மெழுகுதிரி, கீழே லண்டன், கனடா என்று பிள்ளைகளின் பெயர்கள். அந்தப் பிள்ளைகள் அவனுக்கு ஒரு சேட்டு வாங்கி அனுப்பியிருந்தால் மனிசன் இன்னும் இரண்டு வருடம் இருந்திருப்பான் என்று யோசப்பின் சொல்வாள். சொல்லிக்கொண்டே கோட்டைப் போட்டுவிடுவாள்.

கோட்டுப் போடுவதுதான் அவளுடைய தொழில். கொழும்புத்துறைக்காரி. ஐம்பதைத் தாண்டிவிட்டாள், கலியாணம் செய்யவில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு யாழ்ப்பாண ரவுணில் ஒரு ஸ்ரூடியோவில் தூரிகையும் மையுமாக உட்கார்ந்தவள். பழைய முதலாளி போய் அவர் மகன் பிரகலாதன் முதலாளி ஆனான், தூரிகை போய்க் கொம்பியூட்டர் வந்தது, யோசப்பின் மட்டும் அதே மூலையில் இருந்தாள். செத்தவர்களின் படமென்று சனம் கொண்டுவருவது பெரும்பாலும் அடையாள அட்டையில் இருந்து உரித்த முகம், அல்லது கலியாணப் படத்தின் கரையில் வாயில் சோற்றோடு நிற்கும் உருவம். அதை எடுத்துக் கழுவித் துடைத்து, முடி வாரி, உடுப்பு மாற்றி ஒரு கனவானாக்கித் தருவாள். அவளிடம் இருந்தது ஒரேயொரு கோட்டு. எப்போதோ பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வந்த ஒரு வங்கி மனேஜரின் கறுத்தக் கோட்டு. வடமராட்சிக் கமக்காரனுக்கும் குருநகர் மீனவனுக்கும் அதே கோட்டுத்தான். தோளை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சுருக்குவாள்.

"அப்பாவுக்கு ஒரு மணிக்கூடும் கட்டிவிடுங்கோ அக்கா" என்று இணுவிலில் இருந்து வந்த ஒருவர் கேட்டார்.

"ஏன், அவருக்கு இனி எங்கை போக நேரமாகுது?" என்றாள் யோசப்பின். ஆனாலும் கட்டிவிட்டாள்.

அவளுடைய வீட்டுச் சுவரிலும், திரு இருதய ஆண்டவரின் படத்துக்குக் கீழே, ஒரு கோட்டுக்காரன் இருந்தான். அவளுடைய தம்பி லெனாட். கோட்டு மையால் வரைந்தது, கொம்பியூட்டர் வருவதற்கு முந்திய கோட்டு. வாழ்நாளில் லெனாட்டுக்கு இருந்தது இரண்டு சேட்டு, அதில் ஒன்று அவளுடைய பழைய பாவாடையில் தைத்தது.

இப்படியிருக்க, பிரகலாதன் இணையத்தில் ஒரு வேலை பிடித்தான். போலந்து நாட்டில் ஒரு சிறிய சங்கம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரர் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது கொல்லப்பட்ட சனத்தை, ஆளுக்கொரு பக்கமாக இணையத்தில் ஏற்றுகிறார்கள். பழுதான படங்களைத் துப்புரவாக்கிக் கொடுக்கவேண்டும். என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று நீளமாக எழுதியும் அனுப்பியிருந்தார்கள். யோசப்பின் அதை வாசிக்கவேயில்லை. செத்த மனிசரின் படத்தை எப்படிச் செய்வதென்று அவளுக்கு எந்த வெள்ளைக்காரியும் படிப்பிக்கத் தேவையில்லை.

படங்களைத் திறந்தவள் திகைத்துப்போனாள். மழித்த தலை. கோடு போட்ட மறியல் கைதி உடுப்பு. நெஞ்சிலே இலக்கம்.

"என்ன கண்றாவியடா தம்பி இது? கள்ளரைப் படம் எடுத்த மாதிரி. உதையோ உலகம் முழுக்கக் காட்டப் போகினம்?"

"வதைமுகாமிலை எடுத்த படங்களாம் அக்கா. வேறை படமில்லைப் போலை."

"அதுக்கு? படிச்ச முகங்களாய்க் கிடக்கு. உப்பிடியே விடுறதே?"

அவள் விடவில்லை. முடி வளர்த்தாள். இலக்கத்தை அழித்தாள். கன்னத்தில் கன்றியிருந்த கறுப்பை எடுத்தாள். வங்கி மனேஜரின் கோட்டை ஒரு போலந்து வாத்தியாருக்கும், ஒரு மருந்துக்கடைக்காரருக்கும், ஒரு குருவானவருக்கும் போட்டாள். குருவானவருக்குப் பிறகு யோசித்துக் கழற்றி அங்கி போட்டாள். பெண்களுக்கு என்ன போடுவதென்றுதான் கொஞ்சம் இடறியது. சீலை கட்டினால் என்ன என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மைதான். கடைசியில் பழைய பெட்டியில் கிடந்த ஒரு பறங்கிப் பெண்ணின் படத்தில் இருந்த கழுத்து மூடிய சட்டை கைகொடுத்தது. முடித்துப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. பெற்ற தாய் பார்த்தாலும் கும்பிடுவாள்.

தாய் பார்க்கவில்லை, ஹலினா பார்த்தாள். அந்தச் சங்கத்தில் படங்களைப் பொறுப்பெடுத்திருப்பவள். பதில் மரியாதையாகத்தான் இருந்தது. நீங்கள் அன்போடு செய்திருக்கிறீர்கள் என்று விளங்குகிறது, நன்றி. ஆனால் அவர்களுக்கு அந்த உடுப்பைப் போட்டவர்கள், தலையை மழித்தவர்கள், அடித்தவர்கள்தான் இந்தப் படங்களையும் எடுப்பித்தார்கள். செய்தது யாரென்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. தூசியையும் கீறலையும் மட்டும் எடுங்கள். காயங்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

"நெஞ்சிலை ஈரமில்லாத சனம்" என்றாள் யோசப்பின். "செத்ததுகளுக்கு ஒரு நல்ல உடுப்புப் போடவும் மனமில்லை. நாங்களெண்டால் இப்பிடி விடுவமே?"

"அவை கேட்டதைச் செய்து குடுங்கோ அக்கா."

வாய்க்குள் பேசிக்கொண்டே கோட்டுகளைக் கழற்றினாள். பிறகுதான் சங்கடம் தொடங்கியது. இவ்வளவு காலமும் காயத்தைக் கண்டால் அழிப்பது, அழித்தால் மறப்பது. பார்க்கத் தேவையில்லை, கை தானாகப் போகும். இப்போது ஒரு புள்ளி தூசியா, காயமா என்று தெரியாமல் கைவைக்க முடியாது. தெரியவேண்டுமென்றால் உற்றுப் பார்க்கவேண்டும். உதடு வெடித்த ஒரு பெண்பிள்ளை. இருபது வயதிருக்கும். அந்த உதட்டைத் திரை நிறையப் பெருப்பித்து வைத்துக்கொண்டு, பூஞ்சணத்தை ஒவ்வொரு புள்ளியாக எடுத்தாள், வெடிப்பை விட்டாள். வேலை முடிந்தபோது அந்தப் பிள்ளை நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அடித்துவிட்டு, முகத்தைக் கழுவவும் விடாமல், நேரே பார் என்று சொல்லி எடுத்த படம் அது.

யோசப்பினுக்கு அந்தப் பார்வை தெரியும். அவள் அதைப் படமாக எடுத்திருக்கிறாள்.

லெனாட்டுக்கும் அப்போது இருபது வயது. தொண்ணூற்றாறாம் ஆண்டு. ஊருக்குள் ஒவ்வொரு தெரு முடக்கிலும் ஆமிக்காரரின் காவற் சென்றி இருந்த காலம். ஒரு சென்றியில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், சில நாளில் விட்டார்கள். விட்டபோது இடது கண் பனங்காய்போல வீங்கிக் கிடந்தது. விட்ட கையோடு, பாசுக்குப் படம் கொண்டுவா என்றும் சொல்லிவிட்டார்கள். பாஸ் இல்லாமல் முடக்கைத் தாண்ட முடியாது. வீக்கம் வத்தட்டும் என்றாள் அக்கா. நாளைக்குக் குடுக்காட்டில் திரும்பவும் பிடிப்பாங்கள் என்றான் தம்பி. ஸ்ரூடியோக் கதிரையில் இருந்து, "மற்றப் பக்கத்தாலை எடன் அக்கா, நல்ல பக்கத்தாலை" என்று பகிடியும் விட்டான். பாஸ் படத்துக்குப் பக்கம் கிடையாது, நேரே பார்க்கவேண்டும், இரண்டு காதும் தெரியவேண்டும். அவள்தான் எடுத்தாள். அதை அவன் அடித்தவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்தான். அடுத்த மாதம் திரும்பவும் கொண்டுபோனார்கள். அவன் வரவில்லை.

மிஞ்சியிருந்தது அந்தப் படத்தின் ஒரு பிரதி மட்டும். அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. "உந்தக் கண்ணை மாத்திவிடு பிள்ளை" என்று அழுதாள். யோசப்பின் அதைப் பெரிதாக இன்னொரு பிரதி எடுத்து, வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து இடது பக்கத்தில் வரைந்தாள், கோட்டும் போட்டாள். அம்மா சாகும்வரைக்கும் அந்தப் படத்துக்கு முன்னால் செபமாலை சொன்னாள். அது அம்மாவுக்காகச் செய்தது, அதில் யோசப்பினுக்குக் கவலையில்லை. ஆனால் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி அந்தக் கோட்டை அவன் யாருக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து அவளை விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கிறகோரி மாஸ்டர் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். கோயில் கமிற்றி, வாசிகசாலைக் கமிற்றி, சவக்காலைக் கமிற்றி, எங்கே கதிரை இருக்கிறதோ அங்கே தலைவர். யுத்தத்தில் செத்த, காணாமற்போன ஊர்ச்சனத்துக்கு ஒரு இணையத்தளம் செய்கிறார்களாம், வெளிநாட்டுப் பிள்ளைகள் உதவியாம், சகல ஆத்துமாக்கள் தினத்தன்று திறப்புவிழாவாம். படங்களைச் செய்து ஏற்றும் வேலை யோசப்பினுக்கு.

தளத்தைத் திறந்தால் முதலில் மாஸ்டர் சிரித்தார். அடுத்து மாஸ்டரின் தலைவர் உரை. பிறகு ஆசிச் செய்தி, வாழ்த்துச் செய்தி, இன்னொரு வாழ்த்துச் செய்தி. உயிரோடிருப்பவர்கள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு கீழே கீழே போனால், களைத்துப்போன நேரத்தில் முதலாவது செத்தவர் வருவார். எல்லாருக்கும் நீலப் பின்னணி, எல்லாருக்கும் கோட்டு. ஒவ்வொருவருக்குக் கீழும் 'காலமானார்' என்று ஒரு சொல். ஊர் முழுக்கக் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்ததுபோல.

யோசப்பின் எல்லாருக்கும் கேட்டபடி செய்தாள். அவர்களுக்கு வீட்டுக்காரர் இருக்கிறார்கள், அது அவர்களின் விருப்பம். லெனாட்டுக்கு வீட்டுக்காரி அவள்தான். அம்மாவின் செபப் புத்தகத்துக்குள் இருந்த பாஸ் படத்தை எடுத்தாள். தூசியைத் துடைத்தாள், ஒரு கீறலை எடுத்தாள். கண்ணைத் தொடவில்லை. அப்படியே ஏற்றினாள்.

மறுநாள் காலமையே மாஸ்டர் குடையோடு ஸ்ரூடியோவுக்குள் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, நீர் படத்தை மாறிப் போட்டிட்டீர். வீட்டிலை நல்ல படம் ஒண்டு கிடக்கல்லோ, கோட்டோடை?"

"மாறிப் போடேல்லை மாஸ்டர். உதுதான் படம்."

"கண் வீங்கிக் கிடக்கு."

"ஓம். அடிச்சால் வீங்கும்."

மாஸ்டர் பிரகலாதனைப் பார்த்தார். அவன் கமெராவைத் துடைக்கத் தொடங்கினான்.

"இஞ்சை பாரும். திறப்புவிழாவுக்குப் பெரிய ஆக்கள் வருகினம். எல்லாப் பக்கத்து ஆக்களும். உந்தப் படத்தைக் கண்டால் ஆர் அடிச்சதெண்டு கேள்வி வரும்."

"வரட்டுமே. இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லை."

"நாங்கள் நினைவுகூரத்தான் செய்யிறம் பிள்ளை, சண்டை பிடிக்க இல்லை. வடிவாய், மரியாதையாய் இருக்கவேணும். நான் படிப்பிச்ச பெடியன் அவன். எனக்கும் அக்கறை இருக்கு."

ஊருக்குள் வீட்டுக்கு வீடு ஒரு செத்த வீடு இருந்தபோது எட்டிப் பார்க்கப் பயந்து வாசற் படலையைப் பூட்டிக்கொண்டு இருந்த அக்கறை அது. யோசப்பினுக்கு வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு எழும்பினாள்.

"சரி மாஸ்டர், மாத்துவம். இதிலை இருங்கோ."

"நானோ?"

"நீங்கள்தான். என்ரை அம்மா கேட்டா, நான் மாத்தினன். இப்ப கேக்கிறது நீங்கள். உங்கடை கையாலை மாத்துங்கோ. இது பெரிய வித்தையில்லை, நான் காட்டித் தாறன்."

தோளைப் பிடித்து அமர்த்தாத குறையாக அவரைத் தன் கதிரையில் இருத்தினாள். லெனாட்டின் படத்தைத் திறந்தாள். வேலை செய்யும்போது பெருப்பிப்பதுபோலப் பெருப்பித்தாள். முகம் போய்க் கன்னம் வந்தது, கன்னம் போய்க் கண் வந்தது. திரை நிறைய அந்தக் கண் மட்டும். வீங்கி மூடிய இமை, இமைக்கு நடுவில் ஒரு மயிரிழை திறந்திருந்தது. அந்த இழையால் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதிலை அமத்தி, அந்தக் கறுப்பிலை தேயுங்கோ. கறுப்புப் போகும்."

மாஸ்டர் மவுசைப் பிடித்தார். கையைக் கொஞ்சம் நகர்த்தினார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பிடித்தார். யோசப்பின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மனிசன் அமத்திவிட்டால் பிறகு அவளால் செய்ய ஒன்றுமில்லை, சொன்ன சொல் சொன்னதுதான்.

"எனக்கு உது பழக்கமில்லைப் பிள்ளை" என்றார் மாஸ்டர்.

"பழகலாம்."

"கண்ணும் முந்தி மாதிரித் தெரியுதில்லை."

"இந்தக் கண் தெரியாதே? இதைவிடப் பெரிசாக்கவும் ஏலும் மாஸ்டர்."

அவர் மவுசை மெல்ல வைத்தார். கதிரையில் இருந்து எழும்பினார். தலைவர் பதவி கிடைக்காத ஒரே கதிரை அதுதான். குடையை எடுக்க மறந்து வாசல்வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். மாத்து என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை.

"விட்டிட்டார் போலை" என்றான் பிரகலாதன்.

"அவர் என்ன விடுறது?" என்றாள் யோசப்பின்.

படத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கினாள். கீழே 'காலமானார்' என்று இருந்ததைக் கண்டாள். ஹலினாவின் தளத்தில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அதை எடுப்பித்தது யார், எடுத்தது யார் என்று ஒரு வரி இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த ஒரு சொல்லை அழித்தாள். ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள்.

லெனாட். கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. படம் எடுப்பித்தது: அடித்தவர்கள். எடுத்தது: அக்கா.