தூதரின் தொண்டை நான்

அடுத்தவர் குரலில் பேசிப் பிழைக்கிற தொழிலில் தொண்டை கட்டுவது நமக்கு, மாலை விழுவது அவருக்கு. சக மைக் தியாகிகளே, உங்களுக்குத் தெரியாததா?

வேலை கிடைத்த விதம்

பத்தொன்பது வயதில் எனக்கு வராத குரல் கிடையாது. கண்டக்டர், ஹெட்மாஸ்டர், எங்க நைனாவோட குறட்டை, எல்லாம் வரும். அன்றைக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தூதரைப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

தூதர் என்பவர் எங்கள் ஊர்க்காரர். இரண்டு முறை எம்.பி., அப்புறம் ஏதோ பனி கொட்டும் நாட்டில் இந்தியத் தூதர். பழசை விடாதே, புதுசை மெதுவாக எடு என்பதுதான் அவர் கட்சியின் மொத்தக் கொள்கை. யார் எதைக் கேட்டாலும் மூக்கால், "ம்ம்ம்... ஆலோசிக்கலாம்" என்பார். நான் அந்த 'ம்ம்ம்'மை இழுத்தபோது ஒருத்தனும் சிரிக்கவில்லை. திரும்பினால் அவரே நிற்கிறார், கழுத்தில் மப்ளரோடு. சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறார், டாக்டரோ தொண்டை ஆறும்வரை வாயே திறக்கக் கூடாது என்றுவிட்டார். காற்றுக் குரலில் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் மெதுவா இழுக்கணும் தம்பி. நாளைக்கு ஜீப்புல ஏறிக்கோ."

காதுக்கும் மைக்குக்கும் நடுவே

ஏற்பாடு இதுதான்: அவர் என் காதில் கிசுகிசுப்பார், நான் அவர் குரலில் மைக்கில் சொல்வேன். ஒளிவுமறைவு கிடையாது, ஊரே பார்க்கும். "வெளிநாட்டுல எனக்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தாரு. நான் சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்க்க மாட்டாரு. நீயும் அப்படி இரு" என்றார்.

அனந்தபுரம் சந்தையில் கூட்டம் அலைமோதியது. தண்ணீர் டேங்க் வருமா? ஆலோசிக்கலாம். ரோடு? ஆலோசிக்கலாம். செய்ய முடியுமா என்று தெரியாததற்கு அவர் எந்த மேடையிலும் வாக்குக் கொடுத்ததில்லையாம். ஜீப் டிரைவர் ஏழுமலை அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார்: "இன்னாடா இது, ஓட்டுக் கேக்க வந்தோமா, யோசன பண்ண வந்தோமா?"

கூட்ரோடு

வல்லம் தாண்டி, சாலைகள் கூடும் ஒரு கூட்ரோட்டில் பெண்கள் ஜீப்பை மறித்தார்கள். முன்னால் நின்றவர் செல்வி அக்கா. "காலைல பஸ்ஸு நிக்காம போவுது. எம்பொண்ணு வல்லம் வரைக்கும் நடந்து காலேஜுக்கு லேட்டாப் போறா. இப்டியே போனா பரீச்ச எழுத வுட மாட்டாங்களாம். பஸ்ஸு நிக்குமா, நிக்காதா?"

என் காதில் வந்தது: "ம்ம்ம்... ஆலோசிக்கலாம்." என் வாயில் வந்தது, அவர் குரலில்: "பரீட்சைக்கு முன்னாடி பஸ் இங்க நிக்கும். இது என் வாக்கு!"

விசில் பறந்தது. ஏழுமலை அண்ணன் ஜீப்பை ஆஃப் செய்தே விட்டார். பையன் உளறிட்டான் என்று தூதர் ஒரு தடவை தலையசைத்தால் போதும். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கைகூப்பிக் கும்பிட்டார். ஜீப் கிளம்பிய பிறகு கிசுகிசுத்தார்: "குரல் என்னுது. அதனால வாக்கும் என்னுது."

தோற்றபின்

தோற்றோம், நன்றாகவே தோற்றோம். மறுநாள் காலை வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு, "வா, பஸ் டிப்போவுக்கு" என்றார்.

அதிகாரி, புதிதாக ஸ்டாப் போட்டால் டைமிங் போய்விடும் என்றார். தூதர் சண்டை போடவில்லை. அதிகாரியின் சொந்த ஊரை விசாரித்து, டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும். அதிகாரிக்கு டென்ஷன் ஏறிய ஒரு நாளில் தூதர் என் காதில் சொன்னார், ஒரு எழுத்துக்கூடச் சேர்க்காமல் நானும் சொன்னேன்: "புதுசா எதுவும் கேக்கல சார். ரோட்டை அகலப்படுத்துறதுக்கு முன்னாடி அங்க பஸ் நின்னுது, நானே எறங்கியிருக்கேன். இருந்ததைத் திருப்பிக் குடுங்க." பழசைக் காப்பதில் அந்த மனிதரை ஜெயிக்க முடியுமா? அதிகாரி சிரித்துவிட்டார்.

பரீட்சைக்கு முன்பே பஸ் நின்றது. முதல் நாள் நாங்களும் அதில்தான் போனோம். செல்வி அக்கா மகளை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் தூதரைப் பார்த்ததும் நெளிந்தார்: "கோச்சுக்காதீங்க ஐயா. ஓட்டு மட்டும் எங்க வூட்ல எப்பவும் போடுற சின்னத்துக்குத்தான் போட்டேன். பழக்கத்த வுட முடியுமா?"

தோற்ற வேட்பாளரின் வாக்குறுதி நிறைவேறிய தொகுதி உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று என் சொந்தக் குரலிலேயே அடித்துச் சொல்வேன்.