கொஞ்சம் ஒதுங்குங்க மாமா

எங்க வீட்டுக்காரர் போன்ல மனுஷ மூஞ்சியே இருக்காது. மலை இருக்கும், கண்மாய் இருக்கும், பனைமரம் இருக்கும், மழை வரப்போற வானம் மட்டும் கணக்கு வழக்கில்லாம இருக்கும். கட்டுன பொண்டாட்டி படம் எங்கன்னு கேட்டுறாதீங்க, எனக்குக் கோவம் வந்துரும். எங்க மக அஸ்வினி காலேஜ் சேர்ந்த அன்னைக்கி எடுத்தது ஒண்ணு கெடக்கு. அதுல காலேஜ் கட்டடம் அம்சமா விழுந்திருக்கு, புள்ள ஒரு ஓரத்துல பாதிதான் தெரியுறா.

பேரு ஜெயபாண்டி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடையில எடை போடுற வேலை. ஊரு தூங்கும்போதே எந்திரிச்சுப் போவாரு, உச்சி வெயிலுக்குத் திருப்பரங்குன்றத்துல இருக்குற எங்க வீட்டுக்கு வந்து சேருவாரு. சட்டை, கை, தலை எல்லாம் மல்லி வாசம். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா கை சும்மா இருக்காது, வண்டிச் சாவியத் தேடும்.

"ஏங்க, எங்க கெளம்பிட்டீங்க?"

"இங்கனதான், சமணமலைப் பக்கம். வெயில் சாயுறதுக்குள்ள வந்துர்றேன்."

எங்க வந்தாரு? வண்டிய ரோட்டோரமா போட்டுட்டு, வரப்பு வரப்பா நடந்து, செருப்பெல்லாம் சேறாக்கிக்கிட்டு, இருட்டுன பெறகுதான் வருவாரு. வந்ததும் போன என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவாரு. "பாரு பாண்டீஸ்வரி, நாகமலை எப்படிப் படுத்திருக்கு பாரு." அந்த மலை நான் பொறந்ததுல இருந்து அங்கனதான் படுத்திருக்கு, இதுல நான் என்னத்தப் பாக்க? ஆனாலும் பாப்பேன். பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருக்கும்.

ஒரு நாள் கேட்டுட்டேன், "ஏன் ஆளுகளயே எடுக்க மாட்டேங்கிறீங்க?"ன்னு. சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்துட்டு, "விடியுறதுக்கு முன்னாடி இருந்து கத்தல், சண்டை, எடை கொறையுதுன்னு ஏச்சு. மூஞ்சியாப் பாத்துப் பாத்துக் கண்ணு காந்துது. மலைதான் எங்கிட்ட ஒண்ணும் கேக்காம நிக்கிது"ன்னாரு. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. அதுக்காக விட்டுருவேனா? "அந்த மூஞ்சிகள்ல என் மூஞ்சியும் சேர்த்தியா?"ன்னேன். சிரிச்சுட்டுக் கை கழுவப் போயிட்டாரு.

மேகமலைக்கு டூர் போனோம். நான் பட்டுச்சேல கட்டி, தல நெறயாப் பூ வச்சு, எல்லாரும் நிக்கிற அந்த வளைவுல போய் ஆசையா நிக்கிறேன். "பாண்டீஸ்வரி, கொஞ்சம் ஒதுங்கு, மேகம் மறைக்குது"ங்கிறாரு. மேகம் என்னைய மறைக்கல, நான் மேகத்த மறைக்கிறனாம்! வேன்ல இருந்த சனம் அம்புட்டும் சிரிச்சுச்சு. வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் அவரோட பேசல.

இந்தக் கிறுக்கு எம்புட்டுத் தூரம் போச்சுன்னா, எங்க தெருவுல ப்ளெக்ஸ் கடை வச்சிருக்குற சோலை, இவரு ஸ்டேட்டஸ்ல போட்ட மலைப் படத்த எடுத்து ஒரு காதுகுத்து பேனருக்குப் பின்னாடி போட்டுட்டான். மலை மேல தாய்மாமன், சித்தப்பன், நண்பர்கள்னு வரிசையாத் தலைக. இவரு பேனருக்குக் கீழ நின்னு, "என் மலையில இம்புட்டு மூஞ்சியாடா"ன்னு பொலம்பிட்டு வந்து, அன்னைக்கிச் சோறு வேணாம்னுட்டாரு.

இப்பிடிப்பட்ட மனுஷன் கூடத்தான் எங்கப்பா சேர்ந்தாரு.

எங்கப்பா பேரு பேயாண்டி. டி. கல்லுப்பட்டிப் பக்கம் வெவசாயம். அம்மா போனதுக்கப்பறம் இங்க கூட்டியாந்துட்டோம். கொஞ்சங் கொஞ்சமா ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிருச்சு. இப்பத்தான் சாப்பிட்டிருப்பாரு, "ஆத்தா, பசிக்குது"ம்பாரு. வாசல்ல நின்னுக்கிட்டு நம்ம வீடு எதுன்னு கேப்பாரு. ஆனா சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், பச்சைத் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு மொத ஆளா வாசக்கேட்டுப் பக்கத்துல நிப்பாரு.

எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் வர வேணாம்னு சொன்னதில்ல. அத நான் சொல்லியே ஆகணும். பெத்த மகன் கூட அம்புட்டுப் பொறுமையா ஏத்தி எறக்கிக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டான். என்ன, படம் எடுக்குற நேரம் வந்தா மட்டும், "கொஞ்சம் ஒதுங்குங்க மாமா"ம்பாரு. எங்கப்பாவும் தள்ளிப் போய் மரத்தடியில நின்னுக்குவாரு. எடுத்து முடிச்சு, "வாங்க மாமா"ன்னு கூப்பிட்டாத்தான் வருவாரு. வீட்டுக்கு வந்து எங்கிட்டப் பெருமையாச் சொல்லுவாரு: "மாப்ள எடுக்கும்போது நாம மறைக்கக் கூடாது ஆத்தா." சாப்பிட்டத மறந்தாரு, தன் வயச மறந்தாரு, இத மட்டும் மறக்கல.

போன ஐப்பசியில நல்ல மழை. முகூர்த்த நாளுங்கிறதால இவரு மார்க்கெட்ல இருந்து வர நேரமாகும்னுட்டாரு. நான் எங்கப்பாவுக்கு இட்லி குடுத்து உக்கார வச்சிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா கேட்டு தெறந்து கெடக்கு, ஆளக் காணோம். கொடியில பச்சைத் துண்டும் இல்ல.

டீக்கடையில இல்ல. கோயில் வாசல்ல இல்ல. பஸ் ஸ்டாப், ஸ்டேஷன் பிளாட்பாரம், எங்கயும் இல்ல. சுகர் மாத்திரை போடுறவரு, நேரத்துக்குச் சாப்பிடலன்னா மயங்கி விழுந்துருவாரு. சுத்துப்பட்டுல இருக்குற கண்மாய் எல்லாம் தளும்பி நிக்கிது. இவருக்குப் போனப் போட்டு அழுதுட்டேன். போட்டது போட்டபடி ஓடியாந்தாரு.

போலீஸ் ஸ்டேஷன்ல இருந்த பொண்ணு தன்மையாத்தான் பேசுச்சு. "கடைசியா எடுத்த போட்டோ ஒண்ணு குடுங்கக்கா, எல்லா குரூப்புலயும் போட்டுருவோம்"னுச்சு. ஒண்ணும் பெரிய விஷயமில்ல, எல்லார் போன்லயும் இருக்குறதுதான்.

என்னோடது பட்டன் போனு. எங்கிட்ட இருந்தது அவரு ஆதார் கார்டு. அதுல இருக்குற மூஞ்சிய வச்சு எங்கப்பாவே எங்கப்பாவக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொண்ணு எங்க கல்யாண ஆல்பத்துல, கருகருன்னு மீசையோட. நான் இவரப் பாத்தேன். இவரு போனத் தெறந்து தள்ளிக்கிட்டே போறாரு. மலை. தண்ணி. கொக்கு. வானம். மறுபடியும் மலை.

"இத்தன நாளு உங்க பின்னாடி உக்காந்து வந்தாரே, எங்கப்பன் மூஞ்சி ஒண்ணு இல்லையா உங்க போன்ல?"ன்னு கத்திட்டேன். ஸ்டேஷன்னும் பாக்கல. "இந்த மலையக் காட்டியா எங்கப்பனத் தேடச் சொல்லுவேன்?"

அவரு தள்ளிக்கிட்டிருந்த வெரலு ஒரு எடத்துல நின்னுச்சு.

எட்டிப் பாத்தேன். நிலையூர் கண்மாய். தண்ணிக்கு அந்தப் பக்கம் திருப்பரங்குன்றம் மலை. படத்தோட ஓரத்துல பச்சையா ஏதோ நீட்டிக்கிட்டு இருந்துச்சு. எங்கப்பா துண்டு நுனி. அடுத்த படத்துல தரையில நீளமா ஒரு நெழலு. அதுக்கடுத்ததுல ஒரு முழங்கை. அந்த ஓரத்த வெட்டிட்டுத்தான் எப்பவும் ஸ்டேட்டஸ்ல போடுவாரு. எனக்கு அன்னைக்கித்தான் தெரியும். ஒவ்வொரு படத்துலயும் எங்கப்பா இருந்திருக்காரு, வெட்டிப் போடுற அந்த ஓரத்துல.

"மழை பேஞ்சா கண்மாய்க்குப் போலாம்னு சொல்லி வச்சிருந்தேன்"னாரு இவரு. "நேத்து ராத்திரி கூடக் கேட்டாரு, எப்ப போறோம் மாப்ளன்னு. நாளைக்கின்னேன்."

அந்தப் பொண்ணு கிட்டச் சொல்லிட்டு வண்டிய எடுத்தோம். வழி நெடுக நான் வேண்டாத சாமி இல்ல. கண்மாய்க்கரை ஏறுறப்ப நான் தண்ணியத்தான் பாத்தேன். இவரு தண்ணியப் பாக்கல. வண்டியப் போட்டுட்டு நேரா புளியமரத்தப் பாத்து ஓடுறாரு.

மரத்துக்குப் பக்கத்துல ஒரு அக்கா ஆடு மேச்சிக்கிட்டிருந்துச்சு. எங்களப் பாத்ததும் எரிஞ்சு விழுந்துச்சு. "நீங்கதானா அந்த மாப்ள? நல்லாருக்குய்யா நியாயம்! காலையில இருந்து மனுஷன் நின்னுக்கிட்டே கெடக்காரு. உக்காரச் சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு, என் தூக்குவாளியில இருந்த கஞ்சியக் கூடக் கெஞ்சித்தான் குடிக்க வச்சேன். மாப்ள போட்டோ எடுக்குறாக, கூப்பிட்டாத்தான் வருவேங்கிறாரு."

மரத்துக்குப் பின்னாடி, கண்மாய்க்கு முதுகக் காட்டிக்கிட்டு, துண்ட இழுத்துப் பிடிச்சு ஒடம்பக் குறுக்கி நின்னுக்கிட்டிருந்தாரு எங்கப்பா. காலு ரெண்டும் வீங்கிப் போயி நடுங்குது. அங்க படம் எடுக்க ஒருத்தருமே இல்ல. எங்க காலடிச் சத்தம் கேட்டும் அவரு திரும்பல.

"எடுத்துட்டீகளா மாப்ள? நான் வரட்டுமா?"

இவரு அப்பிடியே கரையில உக்காந்துட்டாரு. கல்யாணமாகி இத்தன வருஷத்துல அவரு அழுது நான் பாத்ததில்ல. நான் ஓடிப் போயி எங்கப்பாவக் கட்டிப் பிடிச்சேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கல. "ஏன் ஆத்தா அழுகுற? நான் மறைக்கலையே"ங்கிறாரு.

ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொன்னோம். வழியில வாங்குன பன்னக் குடுத்து, அந்த அக்கா கையப் பிடிச்சுக் கும்பிட்டு, மரத்தடியில எங்கப்பாவ உக்கார வச்சு, கால நீவி விட்டேன். வெயிலு எறங்கி மலை செவக்க ஆரம்பிச்சிருச்சு. தண்ணிக்குள்ளயும் ஒரு மலை. இவரு இந்த நேரத்துக்குத்தான் வருஷம் பூராக் காத்திருப்பாரு.

கண்ணத் தொடச்சுட்டுப் போன எடுத்தாரு. எனக்குச் சுர்ருன்னு கோவம் ஏறுச்சு, இப்பவுமான்னு. ஆனா அவரு மலையப் பாக்கல. எங்கப்பாவுக்கு நேரா வந்து நின்னு போனத் தூக்குனாரு. தூக்குனதுதான் தாமசம், எங்கப்பா கையூன்றி எந்திரிச்சு, தள்ளாடிக்கிட்டே ஓரமா ஒதுங்கிட்டாரு.

"இல்ல மாமா, நில்லுங்க." இவரு அந்தப் பக்கம் போனா எங்கப்பா இன்னும் தள்ளிப் போறாரு. போனு எந்தப் பக்கம் திரும்புதோ, அதுக்கு மறுபக்கம். அம்புட்டு நல்லாப் பழக்கி வச்சிருக்காரு என் வீட்டுக்காரரு.

கடைசியில போன என் கையில குடுத்தாரு. போயி எங்கப்பா பக்கத்துல நின்னு, அவரு தோளச் சுத்திக் கையப் போட்டு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. போன்ல ரெண்டு பேரும் பெரிசா விழுந்தாங்க, மலை பாதிக்கு மேல அவுங்க தலைக்குப் பின்னாடி போயிருச்சு. எங்கப்பா கேமராவப் பாக்கல. திரும்பித் திரும்பி மலையப் பாக்குறாரு, மருமகன் பிடியில இருந்து நழுவப் பாக்குறாரு.

"மாப்ள, மலைய மறைக்கிறேன் மாப்ள."

"மறைக்கட்டும் மாமா."