சம்பந்தி கொண்டுபோன கேசட்

துடியலூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஓர் அலமாரி நிறையக் கேசட்டுகள் இருக்கின்றன. வாங்கிய அன்றே அட்டையின் மேல் பெரிதாக என் பெயரை எழுதிவிடுவேன், கேட்பதெல்லாம் அப்புறம். அப்படிக் கேட்காமலே விட்டவை நிறைய உண்டு என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். சொந்தக்காரர்கள் மத்தியில் நான் சங்கீதம் தெரிந்தவன். அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

போன ஆடி நோன்புக்கு என் மகளையும் பேத்தியையும் கொண்டுவந்து விட சம்பந்தி வந்தார். மகளின் மாமனார், காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். அவருடைய பழைய காரில் டேப் இன்னும் ஓடுகிறது. சாப்பிட்டுக் கை கழுவியதும் அலமாரி முன்னால் நின்று, அடித்தட்டிலிருந்து ஒரு கிளாரினெட் கேசட்டை உருவினார். ஏதோ ஒரு கடையைக் காலி செய்தபோது மற்றவற்றோடு சேர்ந்து வந்தது அது.

"ஏனுங்க சம்பந்தி, இதை நான் கொண்டுபோலாமுங்களா?"

"அதுக்கென்னங்க, தாராளமாக் கொண்டுபோங்க" என்றேன். சம்பந்தி கேட்டு இல்லையென்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. போயும் போயும் இதை எடுத்தாரே என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

அடுத்த வாரம் போன் வந்தது.

"மறுபக்கத்துல கடைசியா வாசிக்கறாரு பாருங்க, சோத்தையே மறந்துபோட்டனுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா!"

"அது தனி ரகமுங்க" என்று சமாளித்தேன்.

அப்புறம் எப்போது பேசினாலும் இதே பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது. வருஷக்கணக்காக என் அலமாரியில் தூங்கிய சரக்கு. அதைக் கேட்டு அவர் உருகுகிறார், கேட்காத நான் கேட்ட மாதிரி தலையாட்டுகிறேன். திருப்பிக் கேட்கவும் வழியில்லை. சம்பந்திக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

கடைசியில் பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பேத்தியையும் பார்க்கத்தான். ஆனால் கேசட் இல்லாமல் திரும்புவதில்லை என்று முடிவே செய்திருந்தேன்.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்குச் சம்பந்தியே காரோடு வந்திருந்தார். பின் சீட்டில் பேத்தி. அவள் வாயில் நான் அப்பச்சி, அவர் அப்பாரு. கார் கிளம்பியதும் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டார்.

கிளாரினெட் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் முடிக்கப் போவதுபோல் வந்து, முடிக்காமல் திரும்பியது. இப்படி ஒரு வாசிப்பு என்னிடம் இருந்திருக்கிறதே என்று சந்தோஷம் வரவேண்டியதுதான். வரவில்லை. எனக்கு முன்னால் இவர் கேட்டுவிட்டாரே என்ற பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கில் தாளம் போட்ட அவர் விரல்களைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

மெல்ல ஆரம்பித்தேன். "சம்பந்தி, இந்தக் கேசட்டு..."

"உஷ்! பேசாதீங்க அப்பச்சி" என்றாள் பேத்தி. "இது எங்க அப்பாரு பாட்டு."

சம்பந்திக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தெனமும் இதைப் போட்டாத்தானுங்க கண்ணு தூங்குது" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கேசட்டின் அட்டை அவள் மடியில் இருந்தது. அதில் பெரிதாக எழுதியிருந்த என் பெயரின் மேல் அவளும் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.