நாலு மூலை மஞ்சள்

டைப் அடிக்கிற தொழில்ல ஒரு கஷ்டம் என்னன்னா, ஊர்ல இருக்கிற அம்புட்டுப் பேரு பேப்பரையும் நாம படிச்சுத் தொலைக்கணும், கொண்டுவந்தவன் மட்டும் படிக்கவே மாட்டான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்துல பதினஞ்சு வருசம் 'டைப்பிங், ஜெராக்ஸ், ஆலோசனை'ன்னு போர்டு போட்டுக் கடை வச்சிருந்தேன். தொண்ணூறுகள்ல வெளிநாட்டு விசா கிடைச்ச வெல்டர், பிளம்பர், எலக்ட்ரீசியன் எல்லாரும் ஏஜெண்டு குடுத்த வேலை ஒப்பந்தத்தைத் தூக்கிக்கிட்டு என்கிட்டதான் வருவாங்க. படிக்கவா? இல்லை, ஜெராக்ஸ் எடுக்க. ரொம்பச் சிரிக்காதீங்க. பேங்க்ல நீட்டின பாரத்தை முழுசாப் படிச்சுட்டா நீங்க கையெழுத்துப் போட்டீங்க? நாம எல்லாரும் ஒரே சாதிதான்.

வாரத்துல ஒரு நாள்

என் கடையில ஒரு சட்டம். ஒப்பந்தம் கொண்டுவந்தா, கேட்டாலும் கேக்காட்டியும் நான் தமிழ்ல சொல்லுவேன். என்ன வேலை, எத்தனை மணி நேரம், உடம்புக்கு வந்தா யார் பாக்குறது, பாஸ்போர்ட் யார் கையில இருக்கும், எல்லாம். இன்னொரு காப்பி எடுத்து, பேரெழுதி, என் பழைய பிஸ்கட் டின்னுல போட்டு வச்சுக்குவேன். "டீச்சருக்கு வேற வேலை இல்லை"ன்னு முதுகுக்குப் பின்னாடி பேசிக்குவாங்க. பேசிட்டுப் போகட்டும். டைப்பிங் கத்துக்குடுத்ததுல ஒட்டிக்கிட்ட பேரு அந்த டீச்சர்.

ஆத்தூர்க்காரர் ஒரு பிளம்பர், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டிருந்தார். விடுவேனா நான்? உக்கார வச்சு ஒவ்வொரு வரியாச் சொன்னேன். வாரத்துல ஒரு நாள் கட்டாய லீவு, அன்னைக்கு வேலை செய்யச் சொன்னா முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்குன்னேன். மனுசன் முகம் வாடிப்போச்சு. கேட்டார்: "லீவைக் குடுத்துட்டு அன்னைக்கு என்ன செய்யச் சொல்றாங்க டீச்சர்?"

ரப்பருக்கு அழியாதது

சாணார்பட்டிப் பக்கத்து வெல்டர் தங்கராசு. கேட்டோ கிரில்லோ அவன் செஞ்சான்னா, ஒட்டின இடம் எதுன்னு தேடித்தான் பாக்கணும், அப்படிக் கை. ஒரு அரபு நாட்டுக்கு வெல்டர் விசா வந்திருந்துச்சு. பொண்டாட்டி பாண்டியம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்தான். ஒப்பந்தம் மூணு தாள். முதல் தாள்ல பேரு, ஊரு. ரெண்டாவது தாள்லதான் சத்து பூராவும். வெல்டர் வேலை, எட்டு மணி நேரம், கண்ணுக்குக் கண்ணாடி, வைத்தியச் செலவு கம்பெனியோடது, பாஸ்போர்ட் அவன் கையிலேயே இருக்கும். மூணாவது தாள்ல கையெழுத்து. கம்பெனிக்காரன் ஏற்கெனவே போட்டிருந்தான், தங்கராசும் என் மேசையிலேயே போட்டான்.

ஜெராக்ஸ் மெஷினைச் சூடு பண்ணிட்டுத் திரும்பிப் பாக்குறேன், பாண்டியம்மா மூணு தாள்லயும் நாலு மூலைக்கும் மஞ்சளைக் குழைச்சு வச்சு, அது நடுவுல குங்குமமும் வச்சு முடிச்சிட்டா. எனக்கு வந்துச்சே கோவம். "ஏத்தா, இது என்ன கல்யாணப் பத்திரிகையா? வெளிநாட்டு ஆபீசுக்குப் போற பேப்பரு!" ரப்பரை எடுத்து முதல் தாளோட மேல் மூலையை அழிச்சேன். தாள்தான் தேஞ்சுச்சு, மஞ்சள் போகலை, குங்குமம் இன்னும் இழுவிக்கிச்சு. வேற வழியில்லாம அப்படியே காப்பி எடுத்தேன். ஒவ்வொரு மூலையிலயும் மங்கலா ஒரு தீற்றல், நடுவுல கறுப்புப் பொட்டு. நான் திட்டினதுக்கெல்லாம் பாண்டியம்மா அசரலை. கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னா: "கம்பெனிக்காரருக்கும் நல்லதுதான் நடக்கட்டுமே டீச்சர், அதுக்கும் சேத்துத்தான் வச்சேன்."

வெள்ளிக்கிழமை போன்

என் கடைக்கு அடுத்தது சாகுல் பாயோட எஸ்.டி.டி. பூத். அந்த நாடுகள்ல வெள்ளிக்கிழமை லீவுங்கிறதால போனெல்லாம் அன்னைக்குத்தான் வரும். அன்னைக்குத்தான் பாய் ஜும்மாத் தொழுகைக்கும் போகணும். பூத்தை அடைக்க மனசு வராம சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போயிருவார். பாண்டியம்மா வாராவாரம் சாணார்பட்டி பஸ்ஸுல வந்து அந்தப் போன் முன்னாடி உக்காந்திருப்பா.

தங்கராசு போய் எட்டு மாசம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவ பேசிக்கிட்டே இருந்தவ, ரிசீவரை என் கையில குடுத்தா. தங்கராசைப் போய்ச் சேந்த நாள்லேருந்து வெல்டிங் கம்பியையே தொட விடலையாம். பெரிய எண்ணெய்த் தொட்டிகளுக்குள்ள இறக்கி, அண்ணாந்து துருவைச் சுரண்டுற வேலை. கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. துரு விழுந்து விழுந்து வலது கண்ணு புகைக்குள்ள பாக்குற மாதிரி இருக்காம். டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா, "உன் ஒப்பந்தத்துல நீ ஹெல்பர், வைத்தியம் உன் பாடு"ங்கிறானாம். ஊருக்காச்சும் போறேன்னா, இறங்கின அன்னைக்கே வாங்கி வச்ச பாஸ்போர்ட்டைத் தர மாட்டேங்கிறான். அவன் கையில இருந்த ஜெராக்ஸையும் அதோடயே வாங்கிட்டாங்க. அழக் கூடாதுன்னு அவன் நிறுத்தி நிறுத்திப் பேசுறது எனக்குக் கேட்டுச்சு. கடைசியா ஒண்ணு கேட்டான்: "கண்ணு போயிருச்சுன்னா இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய டீச்சர்?"

பிஸ்கட் டின்னுக்குள்ள

அன்னைக்கே டின்னைக் கவுத்தி அவன் காப்பியைத் தேடி எடுத்தேன். அந்த நாட்டுல இருக்கிற நம்ம தூதரகத்துக்கு மனு அடிச்சேன். வெல்டர் விசாவுல கூட்டிக்கிட்டுப் போய் வேற வேலை வாங்குறது தப்பு, வைத்தியம் பாக்காதது தப்பு, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சது தப்பு. பாய் தன் ஃபாக்ஸ்லேருந்து அனுப்பினார். ஜெயிச்ச மாதிரிதான்னு நானும் தெம்பா இருந்தேன்.

வந்துச்சு பதிலு. கம்பெனி ஒரிஜினலையே காட்டிருச்சாம். அதுல ரெண்டாவது தாள்ல ஹெல்பர்னுதான் இருக்காம், வைத்தியமும் இல்லை, பாஸ்போர்ட்டும் கம்பெனிகிட்டதானாம். கையெழுத்து தங்கராசுதுதான், அவனே ஒத்துக்கிட்டான். எங்க காப்பிதான் நாங்களா டைப் அடிச்சுச் செஞ்சதுன்னு கம்பெனி சொல்லுது. கையெழுத்து கடைசித் தாள்ல மட்டும்தானே இருக்கு! நடுத்தாளை உருவிட்டு வேற வைக்க எம்புட்டு நேரமாகும்? அத்தனை பேருக்கும் அறிவுரை சொன்ன நான், எல்லாத் தாள்லயும் போடுப்பான்னு ஒரு வார்த்தை சொல்லலையே. என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

பாண்டியம்மாகிட்ட மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன். அவ அந்த ஜெராக்ஸை வாங்கித் தாள் தாளாப் புரட்டினா. மூலையில விரலை வச்சு, இது என்ன கறுப்பா இருக்குங்கிறா. நீ வச்ச பொட்டுதான்டி, காப்பியில அப்படித்தான் விழும்னேன். தாளை என்கிட்ட திருப்பிக் குடுத்துட்டுச் சாதாரணமாக் கேட்டா: "அப்ப அவுக வச்சிருக்கிற ரெண்டாவது தாள்ல என் மஞ்சள் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்களேன் டீச்சர்?"

வெளுத்த தாள்

டைப் மெஷினை இழுத்து முன்னாடி வச்சேன். உக்காந்து அடிச்சேன் பாருங்க, அந்த வேகத்துல ரிப்பனே கிழிஞ்சிருக்கணும். 'ஒரிஜினலின் மூன்று தாள்களிலும் நான்கு மூலைகளையும் பார்க்கவும். முதல் தாளின் மேல் மூலையில் ரப்பரால் அழித்த தடம் இருக்கும். அழித்தவள் நான்தான்.' இதைத்தான் இங்கிலீஷ்ல அடிச்சு அடிக்கோடு போட்டேன். என் அவசரப் புத்தியை நானே எழுதி ஒப்புக்கிட்டது அதுதான் முதல் தடவை.

மூணு வெள்ளிக்கிழமை போன் வரலை. நாலாவது வெள்ளிக்கிழமை வந்துச்சு. தூதரக ஆபீசர் தங்கராசையும் கூட்டிக்கிட்டு அங்க இருக்கிற தொழிலாளர் ஆபீசுக்குப் போயிருக்கார். மேனேஜர் ஃபைலை விரிச்சார். முதல் தாள்ல நாலு மூலையும் மஞ்சள், மேல ரப்பர் தடம். மூணாவது தாள்ல நாலு மூலையும் மஞ்சள். நடுத்தாளு சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி. முதல்ல இருந்த தாள் கிழிஞ்சுபோச்சு, அதான் மாத்தினோம்னாராம் மேனேஜர். அப்ப கிழிஞ்ச தாளைக் கொண்டான்னு கேட்டதும் ஃபைலை மூடப் பாத்தாராம்.

மறுநாளே கம்பெனி செலவுல கண்ணாஸ்பத்திரி. உள்ள ஒட்டியிருந்த துருவை எடுத்துட்டாங்க, பார்வை தெளிஞ்சிருச்சு. பாஸ்போர்ட் கைக்கு வந்துச்சு. கூட இருந்தவங்க ஃபைலையெல்லாம் திறந்து பாத்து, அவங்களுக்கும் சரியான வேலை கொடுக்கச் சொல்லி உத்தரவு. ரிசீவரை வச்ச உடனே பாண்டியம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், அவ்வளவு சந்தோசம். தங்கராசு கடைசியாச் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "மேனேஜர் இப்ப 'ஏய்'னு கூப்பிடுறதில்லை டீச்சர், 'வெல்டர்'னு கூப்பிடுறாரு."

ஏஜெண்டு வந்த கதை

அடுத்த வருசம் லீவுல வந்த தங்கராசு முதல் வேலையா என் மேசையில பாஸ்போர்ட்டை எடுத்து வச்சு, "நல்லாத் தொட்டுப் பாருங்க"ன்னான். தொட்டுத்தான் பாத்தேன். அதுக்கப்புறம் என் கடையில ரெண்டு சட்டம் கூடிருச்சு. எல்லாத் தாள்லயும் கையெழுத்து, எல்லாத் தாள்லயும் மஞ்சள். நான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய் மாதா முன்னாடி மெழுகுவத்தி ஏத்துறவ, என் மேசையில மஞ்சள் டப்பா. சாகுல் பாய் தன் மச்சான் ஒப்பந்தத்துக்கு மஞ்சள் சரிப்படாதுன்னு, மூலைக்கு மூலை அத்தர் தொட்டு வச்சார். வாசனை காப்பியில விழாது பாய்னு சொன்னா கேக்கணுமே.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு நாள் தங்கராசை அனுப்பின அந்த ஏஜெண்டே நேர்ல வந்தார். சண்டைக்குத்தான் வாரார்னு நானும் சேலையை இழுத்துச் சொருகிட்டு எழுந்தேன். மனுசன் சேர்ல உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு அலுத்துக்கிட்டார்: "திண்டுக்கல் ஆளு பேப்பருன்னா கம்பெனியில முதல்ல மூலையைத்தாம்மா பாக்குறான், நடுத்தாளைத் தொடவே பயப்படுறான்."

இங்கிலீஷும் சட்டமும் தெரிஞ்ச நான் ரப்பரைத் தூக்கினேன், ரெண்டும் தெரியாத பாண்டியம்மா மஞ்சளைத் தூக்கினா, அதனால கடைப் போர்டுல 'ஆலோசனை'ன்னு இருந்த வார்த்தையை மட்டும் சத்தமில்லாம அழிச்சுட்டேன்.